போர்ச்சுகீசிய மொழியில் பேசும் பெய்ஜிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராஜதந்திர அறிக்கைகளை யாரும் விரும்பிப் படிப்பதில்லை. நான் படிக்கிறேன். சீனாவும் போர்ச்சுகீசிய மொழி பேசும் நாடுகளும் சேர்ந்து வெளியிடும் அறிக்கைகளைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவருகிறேன். நண்பர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான விடைகளை இங்கே ஓரிடத்தில் வைத்திருக்கிறேன். இந்தச் சொற்கள் வெறும் அலங்காரம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. யாருக்கு எந்தச் சொல், எந்தச் சொல் எங்கே காணாமல் போகிறது என்று பார்த்தாலே பாதி வெளியுறவுக் கொள்கை விளங்கிவிடும்.

எந்தெந்த நாடுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

போர்ச்சுகல், பிரேசில், அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ், கேப் வெர்டே, சாவோ தோமே பிரின்சிபே, கிழக்குத் திமோர் ஆகிய எட்டும், இவற்றோடு எக்குவடோரியல் கினியும். கடைசி நாடு ஸ்பெயினின் குடியேற்றமாக இருந்தது. போர்ச்சுகீசியத்தையும் ஆட்சிமொழியாக ஏற்றுக்கொண்டு, 2014இல் போர்ச்சுகீசிய மொழி நாடுகளின் சமூகத்தில் சேர்ந்தது.

நான்கு கண்டங்கள். இருபது கோடிக்கு மேல் மக்கள் வாழும் பிரேசிலும் இதில் இருக்கிறது. நம் ஊர் மாவட்டம் ஒன்றைவிடக் குறைந்த மக்கள்தொகை உள்ள சாவோ தோமேயும் இதில் இருக்கிறது. மொழியைத் தவிர இவர்களை ஒரே பந்தியில் உட்காரவைக்க வேறு காரணம் கிடையாது.

சீனாவுக்கும் போர்ச்சுகீசிய மொழிக்கும் என்ன உறவு?

மக்காவ். ஹாங்காங்குக்கு எதிர்க்கரையில், முத்தாற்றின் கழிமுகத்தில் இருக்கும் சிறிய ஊர். போர்ச்சுகீசியர்கள் 1557 முதல் அங்கே நிலையாகத் தங்கினார்கள். 1999 டிசம்பர் 20 அன்று அது சீனாவிடம் திரும்பியது. இன்றும் அங்கே தெருப்பெயர்கள் நீலமும் வெள்ளையுமான பீங்கான் ஓடுகளாலான பலகைகளில் மேலே சீனத்திலும் கீழே போர்ச்சுகீசியத்திலும் எழுதப்பட்டிருக்கின்றன. வீட்டில் போர்ச்சுகீசியம் பேசுபவர்கள் மிகச் சிலரே என்றாலும், அடிப்படைச் சட்டத்தின்படி அது இன்னமும் ஆட்சிமொழி.

இந்த இடத்தில்தான் பெய்ஜிங்கின் பேச்சுத் திறமையைக் கிட்டத்தில் பார்க்கலாம். 1887இல் கையெழுத்தான உடன்படிக்கை, மக்காவை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமையைப் போர்ச்சுகலுக்குக் கொடுத்தது. சீனர்களின் கணக்கில் அது சமமற்ற உடன்படிக்கை. 1972இல் சீனா ஐ.நா.வுக்கு ஒரு கடிதம் எழுதியது. ஹாங்காங்கும் மக்காவும் குடியேற்ற நாடுகள் அல்ல, அவை வரலாறு விட்டுச்சென்ற பிரச்சினைகள், ஆகவே குடியேற்ற நாடுகளின் பட்டியலிலிருந்து அவற்றை நீக்குங்கள் என்பது அதன் சாரம். பட்டியலில் இருந்தால் அந்த மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு. நீக்கிவிட்டால் அது இரு அரசுகள் பேசித் தீர்க்கும் விவகாரம். ஒரு சொல்லை மாற்றியதில் ஒரு ஊரின் எதிர்காலமே வேறு பாதையில் போய்விட்டது.

1974 ஏப்ரலில் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் சர்வாதிகார ஆட்சி கவிழ்ந்தது. புதிய அரசு குடியேற்றங்களை எல்லாம் விட்டு விலக விரும்பியது. மக்காவை உடனே வாங்கிக்கொள்ளச் சீனா முன்வரவில்லை. அதனால் 'போர்ச்சுகீசிய நிர்வாகத்தின் கீழ் உள்ள சீன நிலப்பகுதி' என்ற புதிய பெயர் வந்தது. 1979 பிப்ரவரியில் தூதரக உறவும், 1987 ஏப்ரலில் கூட்டுப் பிரகடனமும் ஏற்பட்டன. எந்தத் தரப்பும் தோற்றதாகக் காட்டாத அந்தப் பெயர் சுமார் கால் நூற்றாண்டு இரு நாடுகளையும் காப்பாற்றியது.

மக்காவ் மன்றம் என்கிறார்களே, அது என்ன?

சீனாவுக்கும் போர்ச்சுகீசிய மொழி நாடுகளுக்கும் இடையிலான பொருளாதார, வணிக ஒத்துழைப்பு மன்றம். 2003 அக்டோபரில் பெய்ஜிங்கின் முன்முயற்சியில் தொடங்கப்பட்டது. நிரந்தரச் செயலகம் மக்காவில் இருக்கிறது. அமைச்சர்கள் மாநாடு 2003, 2006, 2010, 2013, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. நடுவில், 2022இல் ஒரு சிறப்புக் கூட்டம். 2010இல் பிரதமர் வென் ஜியாபாவும் 2016இல் பிரதமர் லீ கெச்சியாங்கும் நேரில் வந்தார்கள். வென் வந்தபோது 100 கோடி டாலர் ஒத்துழைப்பு நிதியை அறிவித்தார்.

பெயரை உற்றுப் பாருங்கள்: 'பொருளாதார, வணிக'. மன்றத்தை முன்னின்று நடத்துவது சீன வெளியுறவு அமைச்சகம் அல்ல, வணிக அமைச்சகம். இதை ஒரு நிர்வாகச் செய்தியாக மட்டும் நான் பார்க்கவில்லை. அரசியல் மன்றம் என்று அழைத்திருந்தால் பிரேசில் தயங்கியிருக்கும், லிஸ்பன் தன் பழைய வீட்டுக்குள் வேறொருவர் நாற்காலி போடுவதாக நினைத்திருக்கும். வணிகம் என்றால் எல்லோரும் வருவார்கள்.

'லுசோஃபோனியா' என்ற சொல்லைச் சீன அதிகாரிகள் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லையே, ஏன்?

போர்ச்சுகீசியம் பேசும் உலகைக் குறிக்கும் சொல் அது. இன்றைய போர்ச்சுகல் இருக்கும் பகுதியான, ரோமானியர் காலத்து லுசித்தானியா மாகாணத்தின் பெயரிலிருந்து வந்தது. கேட்டவுடன் போர்ச்சுகலை நடுவில் உட்காரவைத்துவிடும். ஆப்பிரிக்காவில் பலருக்கு அது கசக்கும். பதின்மூன்று ஆண்டுகள் போர்ச்சுகலை எதிர்த்துப் போரிட்டுச் சுதந்திரம் பெற்ற அங்கோலாக்காரரிடம் போய் 'நீங்கள் லுசோஃபோன் குடும்பம்' என்றால் அவர் முகம் எப்படி மாறும் என்று எண்ணிப் பாருங்கள்.

மன்றத்தின் அதிகாரப்பூர்வப் பெயரில் இருப்பது 'பயிஸெஸ் ட லிங்குவா போர்த்துகேசா', அதாவது போர்ச்சுகீசிய மொழி நாடுகள். சீனத்திலும் அதே பொருள்தான். மொழியை ஒரு கருவியாக மட்டும் குறிக்கும் தொடர் இது. தாய்வீடு யார், பிள்ளைகள் யார் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. மக்காவ் ஊர்க்காரர்களோ 1998 முதல் ஆண்டுதோறும் கொண்டாடும் திருவிழாவுக்கு 'லுசோஃபோனியா விழா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கோவா, டாமன், டையூ வம்சாவளியினரும் அங்கே கடை போடுகிறார்கள். விழாவில் உணர்ச்சி இருக்கலாம், உடன்படிக்கையில் கூடாது என்பது போல ஒரு பிரிவினை.

'மனிதகுலத்தின் பொது எதிர்காலச் சமூகம்' என்ற தொடர் எல்லா அறிக்கையிலும் வருகிறது. அதற்கு என்ன பொருள்?

சீன மூலத்தில் 'மிங்யுன் கோங்தோங்தி'. மிங்யுன் என்றால் விதி. தமிழில் சொல்வதானால், 'ஒரே விதியால் கட்டுண்ட சமூகம்'. தொடக்கத்தில் போர்ச்சுகீசியத்திலும் அப்படியே 'தெஸ்தீனு கொமூன்', பொது விதி, என்று மொழிபெயர்த்தார்கள். பிறகு விதி போய் 'ஃபுதூரு', எதிர்காலம், வந்தது. ஆங்கிலத்திலும் இதே மாற்றம் நடந்தது. சீனத்தில் மட்டும் சொல் மாறவில்லை. அங்கே இன்னமும் விதிதான்.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அது தலையில் எழுதியது. எதிர்காலம் நாம் சேர்ந்து கட்டுவது. வெளியாருக்கு ஒரு சொல், வீட்டுக்குள் இன்னொரு சொல் என்று இரண்டு பதிப்புகள் ஓடும்போது, சிறிய நாட்டின் அதிகாரி எதில் கையெழுத்திடுகிறார் என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. சீனத்தில் அந்தச் சொல்லுக்கு 'வாழ்வும் தாழ்வும் சேர்ந்தே' என்ற நெருக்கமும் உண்டு. ஆனால் அந்த நெருக்கத்தை விரும்பாதவருக்கும் அதே தாள்தான் நீட்டப்படுகிறது.

இன்னொரு நுட்பம். போர்ச்சுகீசியம் ஒன்றல்ல, பிரேசில் வழக்கும் ஐரோப்பிய வழக்கும் வேறு. சின்ஹுவா செய்தி நிறுவனமும் பெய்ஜிங்கின் வானொலியும் பெரும்பாலும் பிரேசில் வழக்கில் எழுதுகின்றன. மக்காவ் அரசு லிஸ்பன் வழக்கில் எழுதுகிறது. அதனால் உலகெங்கும் சாலை, ரயில், துறைமுகம் கட்டும் சீனாவின் 'ஒரு மண்டலம், ஒரு பாதை' என்ற திட்டமே இரண்டு பெயரோடு உலவுகிறது: பெய்ஜிங்கில் 'சிந்துராவ்', அதாவது இடுப்பு வார், மக்காவில் 'ஃபைஷா', பட்டை. கோடிக்கணக்கான வாசகர்கள் இருப்பது பிரேசிலில் என்பதால் பெய்ஜிங் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. போர்ச்சுகலின் மொழியைச் சீன அரசு உலகெங்கும் கொண்டுபோகிறது, ஆனால் போர்ச்சுகலின் உச்சரிப்பில் அல்ல என்பது லிஸ்பனில் யாருக்காவது உறுத்தியிருக்கும்.

'விரிவான கேந்திரக் கூட்டுறவு' போன்ற பட்டங்களுக்கு மதிப்பு உண்டா?

உண்டு. உறவு எவ்வளவு நெருக்கம் என்று காட்டச் சீனா மற்ற நாடுகளுக்குக் கொடுக்கும் படிநிலைப் பெயர்கள் அவை. பெய்ஜிங்கில் அவை கிட்டத்தட்டக் கல்யாணப் பந்தியின் இருக்கை வரிசை மாதிரி. பிரேசில் 1993இல் கேந்திரக் கூட்டாளி ஆனது; வளரும் நாடுகளில் சீனா அந்தப் பட்டத்தை முதலில் கொடுத்தது அதற்குத்தான். 2012இல் 'விரிவான' என்ற அடை சேர்ந்தது. போர்ச்சுகலுக்கு 2005, மொசாம்பிக்குக்கு 2016, கிழக்குத் திமோருக்கு 2023, அங்கோலாவுக்கு 2024. அந்த ஆண்டு செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடந்த ஆப்பிரிக்க உச்சிமாநாட்டில், தூதரக உறவுள்ள எல்லா ஆப்பிரிக்க நாடுகளையும் குறைந்தது 'கேந்திர' நிலைக்கு உயர்த்தினார்கள். எல்லோருக்கும் முதல் வரிசை என்றான பிறகு முதல் வரிசைக்கு என்ன மதிப்பு என்பது இனிமேல்தான் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பட்டத்தைத் தமிழில் 'பங்காளி' என்று எழுதாதீர்கள். நம் ஊரில் பங்காளி என்றால் வரப்புத் தகராறு. 'கூட்டாளி' போதும்.

அங்கோலாவைப் பற்றிப் பேசும்போது சீனா எதைச் சொல்லாமல் விடுகிறது?

இதுதான் என்னிடம் வரும் கேள்விகளில் மிகக் கனமானது.

சீனத் தலைவர்களின் ஆப்பிரிக்க உரைகளில் ஒரு பத்தி எப்போதும் இருக்கும்: குடியேற்ற ஆதிக்கத்துக்கு எதிராக நாம் தோளோடு தோள் நின்றோம் என்ற பத்தி. மொசாம்பிக்கில் அது முழு உண்மை. தான்சானியாவின் நாச்சிங்வேயா முகாமில், மொசாம்பிக் விடுதலை இயக்கமான ஃப்ரெலிமோவின் போராளிகளுக்குச் சீனர்கள் பயிற்சி கொடுத்தார்கள். 1975 ஜூன் 25 அன்று, சுதந்திரம் பிறந்த அதே நாளில், தூதரக உறவு தொடங்கியது. அதைச் சொல்லும்போது எந்தச் சீனத் தூதரின் குரலிலும் தயக்கம் இருக்காது.

அங்கோலாவில் கதை வேறு. அங்கே ஒன்றோடொன்று மோதிய மூன்று விடுதலை இயக்கங்கள் இருந்தன: எம்.பி.எல்.ஏ., எஃப்.என்.எல்.ஏ., யுனிட்டா. சோவியத் ஒன்றியம் எம்.பி.எல்.ஏ. பக்கம் நின்றது. மாஸ்கோவோடு பகை முற்றியிருந்த சீனா, எதிரணியிலிருந்த எஃப்.என்.எல்.ஏ.வுக்கு ஆயுதம் கொடுத்தது, 1974இல் பயிற்சியாளர்களையும் அனுப்பியது, யுனிட்டாவுக்கும் உதவியது. வென்றதோ எம்.பி.எல்.ஏ. இன்றுவரை தலைநகர் லுவாண்டாவில் ஆட்சி செய்வதும் அதுவே. சுதந்திரம் 1975இல் வந்தும், பெய்ஜிங்கோடு தூதரக உறவு 1983இல்தான் ஏற்பட்டது. இந்த ஏழு ஆண்டுக்கு மேலான இடைவெளி கூட்டறிக்கைகளில் இருக்காது. இரு தரப்பும் பேசி வைத்ததுபோல 1983இலிருந்து கதையைத் தொடங்குகின்றன.

பிறகு உள்நாட்டுப் போர் 2002இல் முடிந்தது. நாடு சல்லடையாகக் கிடந்தது. மேற்கத்திய நிதி நிறுவனங்கள் நிபந்தனைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, 2004இல் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி 200 கோடி டாலர் கடன் கொடுத்தது. எண்ணெயைக் கொண்டு திருப்பிச் செலுத்தும் ஏற்பாடு. லுவாண்டாவுக்கு வெளியே கிலாம்பா என்ற புதுநகரம், வரிசை வரிசையாக அடுக்குமாடிகளோடு எழுந்தது. உலகம் இந்த முறைக்கு 'அங்கோலா மாதிரி' என்று பெயர் வைத்தது. சீன அறிக்கைகளில் அந்தப் பெயர் விரும்பப்படுவதில்லை. அங்கே அது 'இருதரப்புக்கும் ஆதாயம்'. ஆதாயம் இருந்தது, மறுக்க முடியாது. சாலையும் ரயிலும் வந்தன. ஆனால் எண்ணெய் விலை சரிந்தபோது அதே கடனை அடைக்க முன்பைவிட அதிகப் பீப்பாய்கள் தேவைப்பட்டன. விலை சரிவின் சுமை யார் தோளில் என்பதை 'இருதரப்பு' என்ற சொல் சொல்வதில்லை. அங்கோலா மக்களுக்குச் சொல்லப்பட வேண்டிய கணக்கு அது.

தைவான் விவகாரம் இதில் எங்கே வருகிறது?

ஒவ்வொரு கூட்டறிக்கையின் முதல் பத்திகளில். தைவான் சீனாவின் பகுதியே என்ற 'ஒரே சீனா' வாசகம் இல்லாமல் எதுவும் நகராது. சாவோ தோமே 1997இல் தைவானை அங்கீகரித்தது. அதனால் 2003இல் மக்காவ் மன்றம் தொடங்கியபோது அது உறுப்பினர் இல்லை. 2016 டிசம்பரில் பெய்ஜிங் பக்கம் திரும்பியது. மறு ஆண்டே மன்றத்தில் இடம் கிடைத்தது. கினி-பிசாவும் 1990 முதல் 1998 வரை தைவான் பக்கம் போய்விட்டு வந்த நாடுதான்.

எப்போதும் இப்படி இனிப்பாகத்தான் பேசுவார்களா?

இல்லை. 2020 மார்ச்சில், அன்றைய பிரேசில் அதிபரின் மகனும் மக்களவை உறுப்பினருமான எதுவார்து போல்சொனாரோ, கொரோனா தொற்றுக்குச் சீன அரசே காரணம் என்று ட்விட்டரில் எழுதினார். சில மணி நேரத்தில் பிரேசிலியாவிலுள்ள சீனத் தூதரகம் போர்ச்சுகீசியத்திலேயே பதில் எழுதியது. அவர் மயாமிக்குப் போய்த் திரும்பியதில் மன வைரஸ் தொற்றிக்கொண்டது, அது இரு நாட்டு மக்களின் நட்பையும் பாதிக்கிறது என்று.

தூதரகங்கள் பேசும் மொழி அல்ல அது. நான் அதை முதன்முதலில் படித்தபோது மொழிபெயர்ப்புப் பிழையோ என்று மூலத்தைத் தேடிப் போனேன், மூலமே போர்ச்சுகீசியம்தான். பல பத்தாண்டுகள் மொழி கற்றவர்களால்தான் இப்படிக் குத்திப் பேச முடியும். ஆனால் அந்தச் சண்டை நடந்த அந்த ஆண்டிலும் சோயா ஏற்றிய கப்பல்கள் பிரேசிலிலிருந்து சீனாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன.

போர்ச்சுகலிடம் எப்படிப் பேசுகிறார்கள்?

பழைய சிநேகிதரிடம் பேசுவதுபோல. அந்நிய வல்லரசுகளிடம் சீனா தாழ்ந்துகிடந்த காலத்தைச் சொல்லும் 'அவமான நூற்றாண்டு' என்ற சீன வரலாற்றுப் பாடத்தில் பிரிட்டனுக்குக் கிடைக்கும் இடி போர்ச்சுகலுக்குக் கிடைப்பதில்லை. மக்காவைச் சுமுகமாகத் திருப்பிக்கொடுத்ததற்கான மரியாதை அது. 2011இல் யூரோ நெருக்கடியில் லிஸ்பன் திணறியபோது, த்ரீ கோர்ஜஸ் நிறுவனம் போர்ச்சுகல் மின்நிறுவனமான இ.டி.பி.யின் 21.35 சதவீதப் பங்கை 269 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2018 டிசம்பரில் ஷி ஜின்பிங் வந்தபோது 'ஒரு மண்டலம், ஒரு பாதை' ஒப்பந்தக் குறிப்பும் கையெழுத்தானது. 5ஜி அலைபேசி வலையமைப்பில் சீனக் கருவிகளை விலக்கும் விவகாரத்தில் 2023இல் லிஸ்பன் ஐரோப்பா பக்கம் சாய்ந்த பிறகு பேச்சில் கொஞ்சம் சூடு குறைந்திருக்கிறது.

வணிகம் எவ்வளவு? பேச்சுக்கும் எண்ணுக்கும் பொருத்தம் இருக்கிறதா?

2003இல் எல்லா நாடுகளோடும் சேர்த்து ஏறக்குறைய 1,100 கோடி டாலர். 2023இல் 22,000 கோடி டாலருக்கு மேல். மன்றத்தின் ஒவ்வொரு உரையிலும் இந்த ஏணி காட்டப்படும். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிரேசில் மட்டும் என்பதை யாரும் உரத்துச் சொல்வதில்லை. பிரேசில் மன்றம் இல்லாவிட்டாலும் சோயாவும் இரும்புத்தாதும் விற்றிருக்கும். மன்றம் உண்மையில் யாருக்கு வேண்டும் என்றால் கேப் வெர்டேக்கும் கினி-பிசாவுக்கும் திமோருக்கும். அவர்கள் பெயர் அந்தப் பெருந்தொகையில் தூசிபோல் கரைந்துவிடுகிறது. கூட்டிச் சொல்லும் வழக்கத்தை விட்டு, நாடுவாரியாகப் பேசினால் அவர்களுக்கு நியாயமாக இருக்கும்.

பதிலுக்கு இந்த நாடுகள் என்ன சொல்கின்றன? தலையாட்டுவது மட்டும்தானா?

பெரிய நாடு தன் சொல்லைத் தானே தேர்ந்தெடுக்கிறது. 2024 நவம்பரில் ஷி பிரேசிலியா வந்தபோது 'ஒரு மண்டலம், ஒரு பாதை'யில் பிரேசில் சேரவில்லை. அதற்குப் பதிலாக 'சினெர்ஜியா' என்றார்கள்: உங்கள் திட்டம் உங்களுடையது, எங்கள் திட்டம் எங்களுடையது, பொருந்தும் இடங்களில் கைகோக்கலாம் என்று பொருள். அதே நாளில் 'மேலும் நீதியான உலகுக்கும் நீடித்து நிலைக்கும் பூமிக்கும்' என்ற வால் சேர்த்து, பொது எதிர்காலச் சமூகத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வாலில் பிரேசிலின் கை தெரிகிறது. சீனத் தொடரைத் தன் கவலைகளுக்கு வளைத்துக்கொள்ளும் வித்தை அது.

சிறிய நாடுகளுக்கு அந்த வசதி இல்லை. அங்கே பதில் வேறு இடத்திலிருந்து வருகிறது. மொசாம்பிக்கின் தலைநகரில், மப்புத்தோ வளைகுடாவின் குறுக்கே கத்தெம்பே பாலம் 2018 நவம்பரில் திறக்கப்பட்டது. நடு இடைவெளி 680 மீட்டர், ஆப்பிரிக்காவிலேயே நீளமான தொங்குபாலம். கட்டியது சீன நிறுவனம், கடனில் பெரும்பகுதி சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி. திறப்புவிழா உரைகளில் நட்பின் பாலம். படகில் கடந்துகொண்டிருந்தவர்களின் பேச்சில் சுங்கக் கட்டணம். இரண்டும் உண்மையே, இரண்டாவதும் அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

தமிழ் வாசகருக்கு இதில் என்ன?

சீன வானொலியின் போர்ச்சுகீசிய ஒலிபரப்பு 1960இல் தொடங்கியது. தமிழ் ஒலிபரப்பு 1963இல். அந்தத் தமிழை நம்மில் பலர் சிற்றலையில் கேட்டு வளர்ந்தோம். கடிதம் எழுதி நாட்காட்டி வாங்கினோம், நேயர் மன்றம் வைத்தோம். பெய்ஜிங்கில் தமிழ் கற்ற சீனர்கள் கலைமகள், வாணி என்று பெயர் வைத்துக்கொண்டு பேசினார்கள். 'ஒரு மண்டலம் மற்றும் ஒரு பாதை' என்ற தமிழ்த் தொடரையே அவர்கள்தான் பரப்பினார்கள். லுவாண்டாவிலும் பிரேசிலியாவிலும் ஒருவர் தன் மொழியைப் பெய்ஜிங்கின் வாயிலிருந்து கேட்கும்போது எழும் வியப்பும் நெருக்கமும் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2049க்குப் பிறகு மக்காவில் போர்ச்சுகீசியம் இருக்குமா?

அரை நூற்றாண்டு மாற்றமில்லை என்ற வாக்குறுதி அந்த ஆண்டோடு முடிகிறது. தெருப்பலகைகளின் கதி பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டு வாக்கில் சீனப் பெருநிலத்தில் போர்ச்சுகீசியம் கற்பித்த பல்கலைக்கழகங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இன்று அவை பல பத்து. படித்து முடித்த பிள்ளைகள் கட்டுமான நிறுவனங்களின் மொழிபெயர்ப்பாளர்களாக அங்கோலாவுக்கும் மொசாம்பிக்குக்கும் போகிறார்கள். போர்ச்சுகீசியம் மக்காவின் வீடுகளில் மெலிந்துகொண்டே போகும் அதே காலத்தில், லுவாண்டாவின் கட்டுமானத் தளங்களில் இருபத்திரண்டு வயதுச் சீன இளைஞர் ஒருவர் மேஸ்திரிக்கும் பொறியாளருக்கும் நடுவே நின்று அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்.